வியாழக்கிழமை நோயாளிகள்

சென்ற மாதம் அரசு மருத்துவர்களான உங்களுக்கு நடந்த பயிற்சி முகாமின் நிறைவு நாளில் இளம் மருத்துவர் ஒருவர் மேடையேறினார். தம் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் தூய்மைப் பணியாளர்கள், திருநங்கையர், நடைபாதைவாசிகள் ஆகியோருக்கென்றே வாரத்தில் ஒரு நாளைத் தனியாக ஒதுக்கியிருப்பதைப் படங்களுடன் விளக்கினார். அரங்கம் கைதட்டியது. நான் தட்டவில்லை. மதிய உணவின்போது உங்களில் சிலர் என்னிடம் வந்து, "ஏன் சார், அதுல என்ன தப்பு?" என்று கேட்டீர்கள். இலையின் முன் அமர்ந்து கோபப்படுவது என் வழக்கமன்று. ஆகவே அப்போது பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். இதில் கோபம் இருக்கும். அதற்காக நான் வருத்தம் தெரிவிக்கப் போவதில்லை.

பணி ஓய்வுக்கு முன் நான் கடைசியாகப் பொறுப்பேற்றது தஞ்சாவூர் நகரத்தில் ஒரு நிலையம். அதன் ஒரு புறம் புதிதாக உருவான நகர்: ஓய்வுபெற்ற அலுவலர்களும், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பிள்ளைகளின் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர்களும் வசிக்கும் பகுதி. மறுபுறம், வாய்க்காலை ஒட்டித் தூய்மைப் பணியாளர்களின் குடியிருப்பு. நகரத்தின் சாக்கடையையும் குப்பையையும் அள்ளுகிறவர்கள் அங்கே இருந்தார்கள். சாக்கடையையும் குப்பையையும் உண்டாக்குகிறவர்கள் இந்தப் பக்கம் இருந்தார்கள். நிலையம் நடுவில் இருந்தது. அரசு இடம் தேர்ந்தெடுப்பதில் எப்போதாவது இப்படி அறிவோடு நடந்துகொள்வதுண்டு.

அந்த நிலையத்துக்கு ஒரு புகழ் இருந்தது. ஒவ்வொரு வியாழக்கிழமை பிற்பகலும் தூய்மைப் பணியாளர்களுக்கெனச் சிறப்பு மருத்துவ முகாம். கட்டடத்தின் பின்னால் தகரக் கொட்டகை, வாசலில் துணிப் பதாகை, தேநீர், வடை. வெளியூரிலிருந்து பார்வையாளர்கள் வந்து படம் எடுத்துச் செல்வார்கள். அந்த ஏற்பாடு நான் செய்ததன்று என்பதை இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன். எனக்கு முன் அங்கே பொறுப்பில் இருந்தவர் செய்தது. அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். நோயாளியின் கையைப் பிடித்த மாத்திரத்தில் பாதி நோயைச் சொல்லிவிடுகிற மருத்துவர் அவர். என் இளமையில் அவரிடம் நான் கற்றுக்கொண்டது ஏராளம். கெட்டவர்கள் செய்யும் அநியாயத்தை நீங்களே கண்டுகொள்வீர்கள். அதற்கு என் உதவி தேவையில்லை. நான் எச்சரிப்பது நல்லவர்கள் செய்கிற அநியாயத்தைப் பற்றி.

பொறுப்பை ஒப்படைத்த அன்று அவர் எனக்கு விளக்கிச் சொன்னார்.

"வேலைய முடிச்சுட்டு அப்படியே வருவாங்க. நகர்லேர்ந்து வர்றவங்க மூக்கைப் பொத்திக்குவாங்க. இவங்க கூனிக் குறுகி வாசல்லயே நின்னுட்டு, அப்படியே திரும்பிப் போயிடுவாங்க. நான் விவசாயி மகன்யா. தண்ணி கம்மியா இருக்கிறப்ப என்ன செய்வோம்? முறை வெப்போம். முறை வெக்கலேன்னா தலைமடைக்காரனே குடிச்சிருவான், கடைமடைக்குச் சொட்டுத் தண்ணி போவாது. அதான் இவங்களுக்கு ஒரு முறை வெச்சேன்."

டெல்டாவில் பிறந்த எவரும் இந்த வாதத்துக்குத் தலையாட்டுவார்கள். ஆற்றில் நீர் குறைந்த காலங்களில் வாய்க்காலுக்கு வாய்க்கால் நாள் குறித்து மாற்றி மாற்றித் திறந்துவிடும் முறைப்பாசனத்தில் வளர்ந்தவர்கள் நாம். கடைசி வயலுக்கு நியாயம் செய்ய நமக்குத் தெரிந்த வழி அதுதான். அந்த வழியை அவர் வயலிலிருந்து எடுத்துவந்து மருத்துவமனைக்குள் வைத்தார். வேறெந்த ஊர் மருத்துவரும் இந்தப் பிழையை இத்தனை நல்லெண்ணத்தோடு செய்திருக்க மாட்டார்.

நான் பொறுப்பேற்றபின் வந்த முதல் திங்கட்கிழமை. கார்த்திகை மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. புறநோயாளிகள் பகுதியில் காய்ச்சலும் இருமலுமாகக் கூட்டம். என் அறைக்கு வெளியே, சீட்டு எழுதும் இடத்தில், பேச்சு உரத்துக் கேட்டது.

"வியாழக்கெழம வாங்கக்கா. ஒங்களுக்குன்னு தனியா ஒரு நாளே இருக்கு. இந்தக் கூட்டத்துல வந்து ஏன் செரமப்படறீங்க?"

இது சீட்டு எழுதும் பெண்ணின் குரல். அதில் எரிச்சல் இல்லை என்பதைக் கவனியுங்கள். கனிவாகத்தான் சொன்னாள்.

"காச்சல் என்னம்மா கெழம பாத்தா வருது?" என்றது இன்னொரு பெண்குரல். "அந்த டீயும் வடையும் வியாழக்கெழமயே இருக்கட்டும். இவளுக்கு உசுரு திங்கக்கெழமயே போவுது. கூப்புடு டாக்டர!"

நான் எழுந்து வெளியே போனேன். பேசியவள் கலா, தூய்மைப் பணியாளர். பச்சை மேல்சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அவள் அழைத்து வந்திருந்த அஞ்சலை முதலில் என் கண்ணில் படவில்லை. உள்ளே நாற்காலி காலியாக இருந்தும், வாசற்படியில், கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற இடத்தில் அவள் அமர்ந்திருந்தாள். கழற்றிய செருப்பைத் தன் கீழேயே போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள், தரை அழுக்காகிவிடக் கூடாதென்று.

கண் இரண்டும் சிவந்து, அந்தச் சிவப்பின் ஓரத்தில் மஞ்சள் தட்டியிருந்தது. இரு கைகளாலும் கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"எப்பலேர்ந்தும்மா காய்ச்சல்?"

"போன வெள்ளிக்கெழமலேர்ந்துங்க."

"வெள்ளிக்கிழமையிலிருந்தா? ஏன் வரலை?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் கேட்டதே விளங்காதவளைப் போல.

"வியாழக்கெழமதான் முடிஞ்சுபோச்சுங்களே. அடுத்த வியாழக்கெழம வரட்டும்னு இருந்தேன்."

இதை நிதானமாகப் படியுங்கள். அவளை யாரும் விரட்டவில்லை. வெள்ளிக்கிழமை அவள் வீட்டிலிருந்து கிளம்பவேயில்லை. நாம் அவளுக்குக் கொடுத்த நாளை அவள் மதித்தாள். அந்த மரியாதைதான் அவள் நோயை முற்றவைத்தது.

மார்க்கெட்டுக்குப் பின்னால் மழைநீர் வடிகால் அடைத்துக்கொண்டபோது அஞ்சலை இறங்கி அள்ளியதாகவும், காலில் ஏதோ கிழித்ததாகவும் கலா சொன்னாள். எலிக்காய்ச்சல் என்பதை அறிய எனக்கு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. "சிறுநீர் போகிறதா?" என்று அஞ்சலையிடம் கேட்டேன். "நேத்துலேர்ந்து சரியா வரலைங்க" என்றாள், ஆண்பிள்ளையிடம் சொல்கிற கூச்சத்தோடு. அந்தப் பதில் எனக்குள் இறங்கியது. சிறுநீரகம் செயலிழக்க ஆரம்பித்துவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்பியாக வேண்டும். ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். மழையில் அது வந்து சேரும்வரை அவளை உள்ளே படுக்கவைக்கச் சொன்னேன்.

செவிலியர் தயங்கினார். "சார், பின்னாடி கொட்டகையில கட்டில் இருக்கு சார். அவங்களுக்குன்னே போட்டது."

"இந்த அறையில் இருப்பது யாருக்குப் போட்டது?"

அஞ்சலையை அங்கேயே படுக்கவைத்தோம். கலா அவள் காலை ஏந்திப் பிடித்துக்கொண்டாள். நான் பி.பி. பார்க்கச் சொல்லிவிட்டு ஊசி மருந்தைத் தேர்ந்தெடுக்கத் திரும்பினேன். மீண்டும் பார்த்தபோது செவிலியர் அறையில் இல்லை. கருவி மேசையின்மேல் அவர் கையருகேதான் இருந்தது. அதைத் தாண்டி, கொட்டும் மழையில், பின்பக்கக் கொட்டகைக்கு ஓடியிருந்தார். நனைந்து திரும்பியபோது அவர் கையில் வேறொரு கருவி இருந்தது. அதன் குழாயில் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

தேநீர்க் கடையில் இரண்டு குவளை வைத்தால் அதைத் தீண்டாமை என்கிறோம், வழக்குப் போடுகிறோம். நாம் இரண்டு பி.பி. கருவி வைத்தால் அதற்குப் பெயர் சிறப்புத் திட்டமா?

செவிலியர் அந்தக் கருவியைக் கட்டி, காற்றடித்து, மறுபடியும் அடித்து, முகம் வெளிறினார். "பி.பி. வரலை சார்."

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். இத்தகைய வேளைகளுக்காகத்தான் அரசு நமக்குச் சம்பளம் தருகிறது. ரத்த அழுத்தம் இல்லை என்றால், கையிலிருக்கும் சலைனையெல்லாம் வேகமாக ஏற்றவேண்டும். ஆனால் சிறுநீர் நின்றுபோன உடம்பில் அப்படி ஏற்றினால் அந்த நீர் வெளியேற வழியின்றி நுரையீரலில் தேங்கும். நோயாளி நம் கண்முன்னே மூழ்குவாள். எதை நம்புவது? நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி வேகமாக இருந்தது, ஆனால் இருந்தது. உள்ளங்கால் சூடாக இருந்தது. என்னிடம் பேசுகிறாள். அழுத்தமே இல்லாதவள் இப்படிப் பேச மாட்டாள். நான் கருவியை நம்பவில்லை. மேசையிலிருந்ததை எடுத்து என் கையாலேயே கட்டினேன். அழுத்தம் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். சிவப்பு நூல் கருவியின் ரப்பர் குமிழ் வெடித்துக் காற்று ஒழுகிக்கொண்டிருந்தது. எத்தனை வியாழக்கிழமைகளாக ஒழுகியதோ, எத்தனை பேருக்கு அது தந்த பொய்யை மெய்யென்று சொன்னோமோ, யாருக்கும் தெரியாது. 'அவர்களுக்கென்று' தனியாக வைத்த பொருள் எங்கேயும் இப்படித்தான் ஆகும். பழுதானால் கேட்க ஆளிருக்காது.

சலைனை மெதுவாக விட்டு, ஊசியைப் போட்டேன். செவிலியர் சுவரோரம் நின்று அழத் தொடங்கினார்.

"வேணும்னு செய்யலை சார். கை தானாப் போயிடுச்சு."

அவர் சொன்னது உண்மை. திறமையான, இரக்கமுள்ள பெண்மணி அவர். ஆனால் நான் ஆறுதல் சொல்லவில்லை. கைக்குத் தானாகப் போகத் தெரியாது. வாரந்தோறும் நாம்தான் அதைப் பழக்கினோம், பதாகை கட்டி, வடை கொடுத்து.

அப்போதுதான் அந்தப் புதிய நகரின் குடியிருப்போர் சங்கத் தலைவர் கதவருகே வந்து நின்றார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர், கண்ணியமாகப் பேசக்கூடியவர்.

"டாக்டர், தப்பா நினைச்சுக்காதீங்க. நாங்கல்லாம் வயசானவங்க. எங்களுக்கு ஏதாவது தொத்திக்கிச்சுன்னா? இவங்களுக்குத்தான் தனி நாள் இருக்கே. பழைய டாக்டர் எவ்வளவு அழகா ஏற்பாடு பண்ணி வெச்சிருந்தாரு!"

"நீங்க எதுக்கு வந்திருக்கீங்க?"

"மாசாமாசம் வாங்குற பிரஷர் மாத்திரைதான்."

"அது நாளைக்கும் இருக்கும். உட்காருங்க."

"நாங்க பெருக்குற தெருவுல ஒங்க தெருவும் இருக்கு சார்," என்றாள் கலா, அவரைத் திரும்பியும் பாராமல். "அப்ப ஒண்ணும் தொத்தலியே?"

அவர் உட்காரவில்லை, வீட்டுக்குப் போய்விட்டார். ஆம்புலன்ஸ் வந்தது. ஏற்றும்போது அஞ்சலை என்னிடம் ஏதோ சொல்ல முயன்றாள். குனிந்தேன். "பெட்ஷீட்டு நனைஞ்சுபோச்சுங்க" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்குச் செய்யவேண்டியதையெல்லாம் செய்தார்கள். டயாலிசிஸும் செய்தார்கள். நான் நாள்தோறும் விசாரித்தேன். சிறுநீரகத்தோடு நுரையீரலும் கெட்டுவிட்டது. வாரம் முடிவதற்குள் அவள் இறந்துபோனாள். காய்ச்சல் கண்ட அன்றே வந்திருந்தால் மாத்திரையில் போயிருக்கக்கூடிய நோய் அது. இந்த வாக்கியத்தை மென்மையாக்கும்படி இதைப் படித்துப்பார்த்த நண்பர் ஒருவர் கேட்டுக்கொண்டார். மறுத்துவிட்டேன்.

நான் திருவையாற்றுக்குப் போய், அங்கே குடியேறியிருந்த என் முன்னவரைப் பார்த்தேன். அவர் எனக்கு மூத்தவர், எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர். ஆயினும் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"கடைமடைக்குத் தண்ணி போவட்டும்னுதான்யா செஞ்சேன்."

"போகலைங்க ஐயா. முறை வர்றதுக்குள்ள பயிர் செத்துப்போச்சு."

"மத்த நாள்ல வரக் கூடாதுன்னு நான் யார்கிட்டயும் சொல்லலியே."

"வரலாம்னும் யார்கிட்டயும் சொல்லலை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எடுத்துரு," என்றார். "என் பேரு கெட்டாலும் பரவால்ல. எடுத்துரு." அவர்மேல் எனக்கிருந்த மதிப்பு அன்று குறையவில்லை. கோபமும் குறையவில்லை. இரண்டும் ஒரே மனிதர்மேல் இருக்க முடியும் என்பதை நீங்களும் அறிந்துகொள்ளுங்கள்.

கொட்டகையைப் பூட்டினேன். சிவப்பு நூல் கருவியைக் கழித்துக்கட்டினேன். வியாழக்கிழமை முகாம் நின்றது. நின்றதும் என்ன நடந்தது தெரியுமா? 'ஒதுக்கப்பட்டோருக்கான சேவை நிறுத்தப்பட்டது' என்று எனக்குக் கண்டனம் வந்தது. மேலதிகாரி ஒருவர் தொலைபேசியில், "நல்லாப் போய்க்கிட்டிருந்த திட்டம் சார், அதப்போய் ஏன் கெடுத்தீங்க? போட்டோவுக்கு என்ன செய்யறது?" என்றார். எல்லா நாளும் எல்லோருக்கும் என்பதைப் படம் எடுக்க முடியாது. அதனால்தான் நம்மில் பலருக்கு அது பிடிப்பதில்லை.

பூட்டுவது எளிது. ஆனால் கொட்டகை பூட்டியபின் தூய்மைப் பணியாளர்கள் எந்தக் கிழமையும் வரவில்லை. வியாழக்கிழமையும் போயிற்று, மற்ற நாளும் அவர்களுடையதாகவில்லை. ஆகவே ஒரு நாள் விடியற்காலையில், அவர்கள் வேலைக்குப் பிரியுமுன் வருகைப் பதிவுக்காகக் கூடுகிற தெருமுனைக்கு நானே போனேன். செவிலியரையும் அழைத்துச் சென்றேன். மேஸ்திரி அவர்களை வரிசையாக நிறுத்தப் பார்த்தார்; வேண்டாமென்று சொல்லிவிட்டேன். எந்த நாளும் வரலாம், வேலை உடையிலேயே வரலாம், முன்வாசல் வழியாக வரலாம் என்றேன். எனக்கு மேடைப் பேச்சு நன்றாக வரும் என்பார்கள். அன்று எடுபடவில்லை. துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு பார்த்தபடி நின்றார்கள்.

கலா முன்னால் வந்தாள்.

"சார், அஞ்சலை வெள்ளிக்கெழமயே வந்திருந்தா பாத்திருப்பீங்களா?"

"பார்த்திருப்பேன்."

"பொழச்சிருப்பாளா?"

"பிழைத்திருப்பாள்."

"இத இப்ப வந்து சொல்றீங்களே சார்," என்றாள்.

மேஸ்திரி விசில் ஊதினார். கலைந்துபோனார்கள். அதற்குப்பின்னும் வெகுநாள் யாரும் வரவில்லை. நாங்கள் மீண்டும் மீண்டும் அந்தத் தெருமுனைக்குப் போனோம். நம்பிக்கையைக் கெடுக்க ஒரு துணிப் பதாகை போதும். திரும்பப் பெற எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை.

தை மாதத்தில் ஒரு காலை, கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், கலா முன்வாசலில் ஏறி வந்தாள். முழங்கால்வரை சாக்கடைச் சேறு. பாதத்தில் கண்ணாடிச் சில்லு குத்திய காயம், சற்றுமுன் பட்டது. சுற்றிலும் பார்த்துவிட்டு, பெஞ்சில், சங்கத் தலைவருக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தில் உட்கார்ந்தாள். அவர் எழுந்தார்.

"உக்காருங்க சார்," என்றாள் கலா. "சேறு ஒங்க தெருவுதுதான்."

யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் கோபமாக வெளியேறினார். கலாவின் முறை வந்ததும் உள்ளே அழைத்துக் காயத்தைக் கழுவிக் கட்டினோம். அஞ்சலையைக் கொன்ற நோய் அவளைத் தொடாதிருக்க மாத்திரை கொடுத்தேன். மறுநாள் காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரச் சொன்னேன். வந்தாள். காய்ச்சல் இல்லை.

சங்கத் தலைவரின் புகாரும் வந்தது. சுகாதாரக் கேடு, முதியோருக்கு அவமதிப்பு, முந்தைய நல்ல ஏற்பாட்டை அகந்தையால் குலைத்தல் என்று மூன்று குற்றச்சாட்டுகள். விரிவான விளக்கம் தரும்படி மேலிடம் எழுதியது. இத்தனை ஆண்டுப் பணியில் நோயாளி ஒருவரிடமிருந்து என்மீது வந்த ஒரே புகார் அது. என் பெயரைக் காத்துக்கொள்ள நீண்ட விளக்கம் எழுத எனக்குத் தெரியும், நன்றாகவே தெரியும். நான் எழுதியது ஒரே வரி.

'நோயாளி வந்தார், பார்த்தேன்.'